கம்மாய்க்குள்ளே ஒரு கார்டன்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் முறையாக அந்த நாற்காலியில் உட்காரப் போகிற தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆபீஸில் கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டிருக்கிறார்கள் என்றால் அது அவர்கள் பாடு. நீங்கள் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் ஆம்புலன்ஸ் சேவை பெரிய கம்பெனி இல்லை. அறக்கட்டளை ஒன்று நடத்துகிற சின்ன சேவை. தல்லாகுளத்தில் கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நம் அழைப்பு அறை. வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன் அடிக்கும், எடுப்போம், இடத்தைக் கேட்போம், பக்கத்தில் இருக்கிற வண்டியை அனுப்புவோம். சொல்வதற்கு இவ்வளவுதான். இதில் 'இடத்தைக் கேட்போம்' என்ற இரண்டு வார்த்தை இருக்கிறது பாருங்கள், என் தலைமுடி நரைத்தது அங்கேதான்.

முதல் நாளே உங்களுக்குத் திரையில் மதுரையின் வரைபடத்தைக் காட்டுவார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஒவ்வொரு தெருவுக்கும் பெயர், ஒவ்வொரு நகருக்கும் எல்லை. சங்கடம் என்னவென்றால், அதில் பாதிப் பெயரை ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. மதுரைக்காரர் தெப்பக்குளத்தில் இருக்கிறேன் என்றால் நனைந்திருக்க மாட்டார். விளக்குத்தூணில் நிற்கிறேன் என்றால் தூணில் ஏறி நிற்கவில்லை. காளவாசலுக்குப் போய் வாசலைத் தேடினால் பொழுது போய்விடும். நான் குடியிருக்கும் ஆனையூர் மாநகராட்சிக்குள்தான் இருக்கிறது, வீட்டு வரியும் மாநகராட்சிக்குத்தான் கட்டுகிறோம். ஆனாலும் தல்லாகுளத்துக்குக் கிளம்பும்போது 'மதுரைக்குப் போய்ட்டு வாரேன்' என்றுதான் எங்கள் தெருவில் சொல்லிவிட்டுப் புறப்படுவோம்.

சென்னையிலிருந்து கீர்த்தனா என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி. விரல்கள் கீபோர்டில் ஓடுவதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். சேர்ந்த வாரத்தில் ஒருவர் போன் செய்து, "நான் தாவணிக்குள்ளதான் நிக்கிறேன், வெரசா வாங்க" என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி, "மேடம், இந்த ஆளு என்னவோ தப்பா பேசறார்" என்றாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைத்தான் அவர் சொன்னார் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னொரு நாள், "கீழமாசியில ஒருத்தர் விழுந்துட்டாரு" என்று அழைப்பு. தீபாவளி நேரம். "இப்போ ஐப்பசி தானே மேடம், மாசியில விழுந்தவருக்கு இப்போ எதுக்கு ஆம்புலன்ஸ்?" என்று என்னையே கேட்டாள். எங்கள் ஊரில் மாசி, ஆடி, ஆவணியெல்லாம் தெருக்கள் என்று அன்றைக்கு அவளுக்குப் பாடம் நடந்தது.

இதையெல்லாம் அவளைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் கேலியும்தான். ஆனால் உண்மையாகவே நான் சொல்ல வந்தது வேறு ஒரு நாளின் கதை. அன்றைக்கு மதுரையில் பிறந்து வளர்ந்த நானே திணறினேன்.

காலை நேரத்துக் கூட்டம் ஓய்ந்து, மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிற வேளை. கீர்த்தனாதான் போனை எடுத்தாள். நான் பக்கத்து நாற்காலியில், அதே அழைப்பை இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுமுனையில் வயதான ஆண் குரல். கிராமத்துக் குரல், மூச்சு வாங்கியது.

"ஆம்புலன்ஸுங்களா? கம்மாய்க்குள்ள எங்க சம்பந்தி விழுந்துட்டாரு. வெரசா வாங்க தாயி."

கம்மாய் என்றால் ஏரி என்பதைக் கீர்த்தனா அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் கை உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடப் போனது. கயிறு வேண்டும், நீச்சல் தெரிந்த ஆள் வேண்டும். சரியான யோசனைதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தண்ணீரில் விழுந்தவர் பக்கத்தில் நின்று பேசுகிற ஆளின் குரல் இப்படி இருக்காது. பின்னால் கத்தல் இருக்கும், ஓட்டம் இருக்கும். இங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நான் பேசினேன்.

"அண்ணே, கம்மாய்ல தண்ணி எம்புட்டு இருக்கு?"

"தண்ணியா? ஒருநாள் விட்டு ஒருநாள் வருது தாயி. இன்னைக்கு வார நாள் இல்ல. எதுக்குக் கேக்குறீக, குடிக்கக் குடுக்கவா?"

அப்போதுதான் புரிந்தது. கம்மாயை மனைகளாகப் போட்டு, அதில் வீடு கட்டி, குழாயில் தண்ணீர் வருகிற இடத்திலிருந்து அவர் பேசுகிறார். மதுரையைச் சுற்றி இப்படி எத்தனையோ இடங்கள். வீடுகள் வந்து, தெருவிளக்கு வந்து, பஸ்ஸும் வந்துவிடும். சுற்றியிருக்கிற சனத்தின் வாயில் மட்டும் அது கம்மாயாகவே இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீருக்கும் அந்த ஞாபகம் வந்துவிடும்.

"சரிண்ணே, என்ன செய்யுது அவருக்கு?"

"பேசிக்கிட்டே இருந்தாரு. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சுட்டாரு. சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு. எடது கையி மரத்துப் போச்சுங்குறாரு."

இது தாமதம் தாங்காத நோவு. அவரைச் சாய்த்து உட்கார வைக்கச் சொன்னேன், நடக்க விடாதீர்கள் என்றேன், வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். அந்த வழக்கமெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். அடுத்த கேள்விக்குத்தான் வகுப்பு கிடையாது.

"எந்தக் கம்மாய்ண்ணே?"

"ஊர்க் கம்மாய்தான்."

எந்த ஊருக்கும் அதுதானே ஊர்க் கம்மாய். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல், ஈனசுரத்தில் வந்தது. "கம்மாய்னு சொல்லாதீங்க சம்பந்தி. குபேரலட்சுமி கார்டன்னு சொல்லுங்க."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவர் பேசியதுதான் அது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

கீர்த்தனா அந்தப் பெயரைத் தட்டினாள். ஒத்தக்கடைப் பக்கம், நகரத்துக்கு வடகிழக்கே, குபேரலட்சுமி கார்டன் என்று திரையில் தெளிவாக வந்தது. மாட்டுத்தாவணியில் நம் வண்டி ஒன்று சும்மா நின்றது. அங்கிருந்து ஒத்தக்கடை கூப்பிடு தூரம். "அனுப்பிட்டேன் மேடம்" என்றாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை, கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் எனக்கு உறுத்தியது. மனை விற்கிறவர்களுக்குப் பெயர் வைப்பதில் அவ்வளவு கற்பனை கிடையாது. ஒரு பெயர் ராசியானால் அதையே கிழக்கிலும் வைப்பார்கள், மேற்கிலும் வைப்பார்கள். இருப்பிடத்தை அனுப்பச் சொல்லலாம் என்றால், பேசுகிறவரிடம் இருந்தது பட்டன் போன். சம்பந்தியின் போனைத் திறக்கக் கோடு இழுக்க வேண்டுமாம், இவருக்குத் தெரியவில்லை, அவருக்குக் கை வரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"அண்ணே, உங்க பேர் என்ன?"

"தவசி. உசிலம்பட்டி பக்கம். மக வீட்டுக்கு வந்திருக்கேன். இவரு மருமகனோட அப்பா, கதிரேசன்."

"வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லையா?"

"பேரப்புள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். பூவுக்குச் சொல்லிட்டு வாரோம்னு மகளும் சம்பந்தியம்மாவும் மாட்டுத்தாவணிக்குப் போயிருக்காக. அது அங்கிட்டு ரொம்பத் தூரமாம், ரெண்டு பஸ் மாறிப் போனாக. மருமகன் வேலைக்குப் போயிருக்காரு. போன் போட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாக."

ரெண்டு பஸ் மாறி. அந்த வார்த்தையில் என் முதுகு நிமிர்ந்தது. ஒத்தக்கடைக்காரருக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கத்து வீடு மாதிரி. எதற்கு இரண்டு பஸ்?

இங்கேதான் தம்பி தங்கைகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். 'எங்கே இருக்கிறீர்கள்' என்று நான் மறுபடி கேட்டிருந்தால் அவர் மறுபடி கம்மாய் என்றுதான் சொல்லியிருப்பார். இருக்கிற இடத்தின் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் போகலாம். தான் வந்த வழி தெரியாமல் போகாது.

"தவசியண்ணே, ஊர்ல இருந்து எப்படி வந்தீங்க? பஸ்ஸுல ஏறுனதுல இருந்து சொல்லுங்க."

"ஆரப்பாளையத்துல எறங்குனேன். இன்னொரு பஸ் ஏறுனேன். ஆத்தைத் தாண்டி, செல்லூர்ல நெருக்கடின்னா அம்புட்டு நெருக்கடி. அதுக்கு அங்கிட்டு வடக்காம வந்தோம்."

ஆற்றைத் தாண்டி, செல்லூர் வழியாக, வடக்கே. அது ஒத்தக்கடைக்குப் போகிற வழி இல்லை. அது என் வீட்டுக்குப் போகிற வழி, ஆனையூர் பக்கம். நம் வண்டியோ நேர் எதிர்த் திசையில் சைரன் போட்டுக்கொண்டு பறக்கிறது.

அந்தச் சமயத்தில் நம்மிடம் இன்னும் ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். பெரியாஸ்பத்திரியில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு டிரைவர் பாண்டி வாசலில் நின்றான். அவனையும் கிளப்பிவிட்டால், வேறு யாராவது அழைத்தால் அனுப்ப வண்டி கிடையாது. முதல் வண்டியைத் திருப்பலாம், ஆனால் திரையும் நோயாளியும் ஒத்தக்கடைக்குச் சாதகமாகப் பேசுகிறார்கள். ஆனையூருக்குச் சாட்சி சொல்வது இரண்டு பஸ் மட்டும்தான். நிர்வாகத்தில் கேள்வி கேட்பார்கள் என்று தெரியும். கேட்கட்டும் என்று பாண்டியைக் கூப்பிட்டேன்.

"பாண்டி, செல்லூர் வழியா ஆனையூர் பக்கம் கிளம்பு. எடம் சொல்றேன்."

"எடம் தெரியாமலே கெளம்பணுமாக்கா?"

"கிளம்பு."

"கெளம்பிட்டேன்."

பாண்டியிடம் எனக்குப் பிடித்தது இதுதான். கேள்வியை ஓட்டிக்கொண்டே கேட்பான்.

இனி ஆனையூர் பக்கத்தில் எந்தக் கம்மாய் என்று தெரிய வேண்டும். அங்கே ஒன்றா இரண்டா. தவசியண்ணனிடம் கேட்டேன். "காதுகுத்துக்கு உங்க ஊர்ச்சனம் வருமில்ல, அவங்களுக்கு எப்படி வழி சொல்லுவீங்க?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. அன்று காலையிலிருந்து அவர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆனையூருக்கு முந்துன மடை ஸ்டாப்புல எறங்கணும். பழைய மடை இன்னும் இருக்கு, பக்கத்துல செல்போன் கடை. அதுல இருந்து மேக்காம திரும்புனா கம்மாய். உள்ள வந்து ரெண்டாவது தெரு."

"மடை இல்ல," என்றது பின்னாலிருந்து. "மெயின் என்ட்ரன்ஸ்."

மடை ஸ்டாப் எனக்குத் தெரியும். தினம் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வருவேன். அங்கே ஒரு அலங்கார வளைவு இருப்பதும் தெரியும். அதில் தங்க எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. யார்தான் படிக்கிறார்கள்? பாண்டிக்கு மடை என்று சொன்னதும், "அட, செல்போன் கடைக்கிட்டயா" என்றான். ஒத்தக்கடைக்குப் போன வண்டியைத் திருப்பிவிடச் சொன்னேன். கீர்த்தனா திருப்பினாள்.

வண்டி வரும் வரை ஆளைப் பேச்சிலேயே வைத்திருக்க வேண்டும். தவசியண்ணன் குரல் திடீரென்று உடைந்தது.

"நான்தான் தாயி காரணம். காதுகுத்துப் பத்திரிகையில என்ன பேரு போடுறதுன்னு காலையில இருந்து எங்க ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். கார்டன்னு போடணும்னு அவரு. அப்படிப் போட்டா எங்க சனம் ஒருத்தரும் வந்து சேராது, கம்மாய்னு போடுங்கன்னு நான். தண்ணி நிக்க வேண்டிய எடத்துல வீட்டைக் கட்டிப்புட்டு கார்டனாம்லனு கொஞ்சம் எகத்தாளமாச் சொல்லிப்புட்டேன். அப்பத்தான் சரிஞ்சாரு. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் மக இந்த வீட்டுல எப்படி இருப்பா? இவ அப்பன் பேசிப் பேசியே மாமனாரைக் கொன்னுட்டாருன்னு ஆயிருமே."

நோவு ஒருவருக்கு, பயம் இருவருக்கு. வாக்குவாதத்தால் மட்டும் நெஞ்சு அடைக்காதுண்ணே, அது ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இப்ப எப்படி இருக்காரு?"

"கண்ணை மூடிருக்காரு. கம்மாய்க்குள்ள இந்நேரம் பாத்து ஒரு நாதி இல்ல தாயி."

கம்மாய் என்று சொன்னார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அதுவரை ஒவ்வொரு முறையும் திருத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தத் திருத்தத்தைத்தான் நான் நாடி பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதே அது நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

"தவசியண்ணே, அவரு காதுகிட்டப் போயி கம்மாய்னு சத்தமாச் சொல்லுங்க."

"என்ன தாயி சொல்றீக? அதுனாலதான இம்புட்டும்."

"நான் சொல்றேன், சொல்லுங்க."

தயங்கித் தயங்கிச் சொன்னார். "சம்பந்தி, நம்ம கம்மாய்க்கு வண்டி வருதாம்."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கீர்த்தனா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "கார்டன்" என்றது குரல்.

நான் அழுதேன். சிரித்தேனா அழுதேனா என்று கீர்த்தனாவைக் கேட்டால் இரண்டும் என்பாள்.

கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி கம்மாய்க்குள் நுழைந்துவிட்டது, இரண்டாவது தெருவையும் பிடித்துவிட்டது. எந்த வீடு என்று கீர்த்தனா கேட்டாள். தவசியண்ணன், "ரெண்டு வீடு சேந்தாப்புல இருக்கும். மேல வீடு" என்றார். அவள் பாண்டியிடம், "மாடி வீடு, ஃபர்ஸ்ட் ஃப்ளோர்" என்று சொல்லிவிட்டாள். பாண்டியும் கூட வந்த செவிலியர் தம்பியும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்ட மாடிப்படியில் ஏறியிருக்கிறார்கள். மேலே ஒரு அம்மா மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். அவர் போட்ட சத்தம் பாண்டியின் போன் வழியாக எனக்கே கேட்டது.

"செருப்புக் காலோட வடகத்துல மிதிக்கிறீகளே, யாரு நீங்க?"

"அக்கா, மாடியில ஆளே இல்ல. ஒரு அம்மாதான் கரண்டியோட நிக்குறாக," என்றான் பாண்டி.

"அவர் என்ன சொன்னார் கீர்த்தனா? அவர் சொன்ன வார்த்தையைச் சொல்லு."

"மேல வீடுன்னு சொன்னார் மேடம். மேலன்னா மாடிதானே?"

அவள்மேல் தப்பில்லை. அவள் ஊரில் மேலே என்றால் வானம் இருக்கிற பக்கம். எங்கள் பக்கத்தில் மேல வீடு என்றால் மேற்கே இருக்கிற வீடு, கீழ வீடு என்றால் கிழக்கே இருக்கிற வீடு. மேலமாசியும் கீழமாசியும் ஒன்றின் மேல் ஒன்றாகவா இருக்கின்றன? பாண்டி வாடிப்பட்டிக்காரன். 'மேல வீடு' என்று அப்படியே சொல்லியிருந்தால் தூக்கத்தில்கூட மேற்கு வீட்டுக்குத்தான் போயிருப்பான். அவள் பெரிய மனது பண்ணி அவனுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொன்னாள். அதுதான் வினையாகிவிட்டது.

"பாண்டி, மேக்கால வீடு. சூரியன் விழுகுற பக்கம்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று வடகத்துக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கி ஓடினான்.

ஆகவே உங்களுக்கு நான் அழுத்தந்திருத்தமாகச் சொல்வது இது. அழைக்கிறவர் சொன்ன வார்த்தையை அப்படியே டிரைவருக்குக் கடத்துங்கள். மடை என்றால் மடை. மேல என்றால் மேல. உங்களுக்குப் புரியவில்லையா, பரவாயில்லை, வண்டி ஓட்டுகிறவருக்குப் புரியும். திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். அன்றிலிருந்து கீர்த்தனா அதை வேதம் மாதிரிக் கடைப்பிடித்தாள். இன்றைக்கு அவள் பேசுகிற மதுரைத் தமிழைக் கேட்டால் சென்னையில் அவள் அம்மா கவலைப்படுவார்.

அடுத்து போனில் கேட்டதெல்லாம் கலவையான சத்தம். ஸ்ட்ரெச்சர் சக்கரம், பாண்டியின் "புடிச்சுக்கங்கய்யா", வண்டிக் கதவு. தவசியண்ணன் போனை வைக்காமலே வண்டியில் ஏறிவிட்டார். சைரன் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவராகவே எதையோ அழுத்தியதில் இணைப்பு போய்விட்டது.

பாண்டி நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, "உள்ள கொண்டு போய்ட்டாங்கக்கா, மத்தது தெரியல" என்றான். நம் வேலையின் கொடுமை இதுதான். கதையின் முதல் பாதிதான் நம் காதுக்கு வரும். அன்று மாலை வீட்டுக்குப் போகிற பஸ் மடை ஸ்டாப்பில் நின்றபோது எட்டி எட்டிப் பார்த்தேன். வளைவில் குபேரலட்சுமி கார்டன் என்று நிஜமாகவே எழுதியிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் பிழைக்க வேண்டும், அந்தப் பெண் தன் வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்களுக்காக வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் போன் அடித்தது. கீர்த்தனா எடுத்தாள், உடனே ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"தாயி, தவசி பேசுறேன்." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "பொழச்சுட்டாரு. ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துட்டாக. நேரத்துக்குக் கொண்டாந்துட்டீகனு டாக்டரு சொன்னாரு."

சந்தோஷம்ண்ணே என்று மட்டும் சொன்னேன்.

"ஒரு சின்ன ஒத்தாசை செய்யணும். கண்ணு முழிச்சதுல இருந்து ஒரே கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காரு. ஆம்புலன்ஸ்காரங்களுக்குக் கடைசில என்ன பேரைச் சொல்லி வரவழைச்சீகனு. நான் கார்டன்னுதான் சொன்னேன்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குறாரு. உங்ககிட்டயே கேக்கணுமாம். எம் மகளும் பக்கத்துல நிக்குறா. பாத்துச் சொல்லுங்க தாயி."

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. பலவீனமான குரல். ஆனாலும் அதில் ஒரு கறார் இருந்தது. ஆயுள் முழுக்கச் சேமித்து ஒரு மனை வாங்கி, அதில் வீட்டைக் கட்டி, அதன் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்ட மனிதரின் குரல்.

"வணக்கம்மா. கதிரேசன் பேசுறேன். நேத்து எங்க சம்பந்தி உங்களுக்கு எந்த எடம்னு சொன்னாரு? உள்ளதை உள்ளபடி சொல்லணும்."

கீர்த்தனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்ல வேண்டும், மாற்றக் கூடாது என்று முந்தின நாள்தான் அவளுக்கு மூச்சு முட்ட முட்டப் பாடம் எடுத்திருந்தேன்.

"குபேரலட்சுமி கார்டன்னுதான் சார் சொன்னாரு," என்றேன். "அந்தப் பேரை வச்சுத்தான் நாங்க நேரா வந்து சேர்ந்தோம்."

கதிரேசன் போனைச் சரியாக மூடாமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது கேட்டது.

"சரி சம்பந்தி. பத்திரிகையில அடைப்புக்குறிக்குள்ள வேணும்னா கம்மாய்னு போட்டுக்கலாம்."